கைச்சூடு

நஸீஹாவுக்கு லுத்ஃபியின் கையைக் கண்டால் ஆகாது. ஆளிடம் அவளுக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. வாய் ஓயாமல் பேசுவான். கோடை வந்துவிட்டால் காதோரம் மல்லிகைச் செண்டைச் செருகிக்கொண்டு ஆய்வகத்துக்கு வருவான். அடுத்தவர் தட்டிலிருந்து ஆலிவ் காயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். இவற்றையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அந்தக் கையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

தூனிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றின் மூன்றாம் மாடியில், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிப் பிறக்கும் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வகம் அது. இருவரும் ஒரே நாளில் அங்கே பணிக்குச் சேர்ந்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகளில் நஸீஹா ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. ஒரு குழாயிலும் பெயர் எழுதாமல் விட்டதில்லை. ஆனால் கால்சியம் சோதனை என்று வந்துவிட்டால், "லுத்ஃபி கையில குடுங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

சோதனை கேட்பதற்கு எளிது. கிருமி நுழைந்த செய்தி கிடைத்ததும், நலமான வெள்ளணு தன் கதவுகளைத் திறந்து வெளியே இருக்கும் கால்சியத்தை உள்ளே வாரிக்கொள்ளும். அதன் பிறகே அது சண்டைக்கு எழும். இதை அளக்க, அணுக்களுக்குள் முதலில் ஒரு சாயத்தைப் புகுத்துவார்கள். கால்சியம் ஏற ஏறச் சாயம் ஒளிரும். பிறகு 'ஃப்ளோ' என்று எல்லோரும் அழைக்கும் கருவிக்குள் அணுக்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு, லேசர் ஒளியில் ஒவ்வொன்றின் ஒளிர்வையும் அளப்பார்கள். முதல் அறுபது விநாடி சும்மா ஓட வேண்டும். அதன்பின் குழாயைக் கழற்றி, அணுவின் கதவைத் தட்டும் மருந்தை ஒரு சொட்டு விட்டு, கலக்கி, மறுபடி மாட்ட வேண்டும். நலமான அணுவானால் திரையில் கோடு குன்றுபோல எழும்பும். கடைசியில், கதவையே உடைத்துத் திறக்கும் வேறொரு மருந்து. அணு உயிரோடும் சாயத்தோடும் இருந்தது என்பதற்கு அது சாட்சி. தட்டு மருந்து, உடை மருந்து என்று ஆய்வகத்தில் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். தட்டினால் எழாமல், உடைத்தால் மட்டும் எழுகிற அணு, காது கேளாத அணு. அப்படிப்பட்ட அணுக்களோடு பிறந்த குழந்தைக்கு ஒரு சளிக்காய்ச்சலே எமனாகிவிடும்.

குழாயைக் கழற்றி மாட்டுகிற நேரத்தில் கருவி எதையும் பதிவதில்லை. கோட்டில் ஓர் இடைவெளி விழும். அதைப் பார்த்தால் யாருடைய கை என்று சொல்லிவிடலாம். லுத்ஃபியின் இடைவெளி நான்கு விநாடி. நஸீஹாவினுடையது ஒன்பது. அதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். லுத்ஃபியின் குன்றுகள் எப்போதும் அவளுடைய குன்றுகளைவிட உயரமாக எழும்பின. அதே இரத்தம், அதே சாயம், அதே மருந்து. ஆனாலும் அவன் ஓட்டினால் உயரம். நோயாளியின் இரத்தத்தோடு ஒப்பிட, நலமுள்ள ஒருவரின் இரத்தமும் வேண்டும். அதற்கு ஊழியர்களே முறை வைத்துக் கொடுத்தார்கள். கதவருகே பட்டியல் தொங்கியது. அதிலும் லுத்ஃபியின் பெயருக்கு நேரே யாரோ ஒரு நட்சத்திரம் வரைந்து வைத்திருந்தார்கள். அவனுடைய இரத்தமே மேலாம்.

பொறாமை என்ற பெயரை நஸீஹா தன் மனத்துக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. நியாய உணர்வு என்றே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஆண்டு ஜூலையில் வெயில் கொளுத்தியது. அலுவலகங்கள் கோடைக் கணக்கில் மதியத்தோடு மூடின. கருவிக்குப் புதிதாக ஒரு லேசர் பொருத்தியதால், அது சூடாகிவிடக் கூடாதென்று, கருவி அறையில் இரண்டாவது ஏ.சி.யும் ஓடியது. உள்ளே நுழைகிறவர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டார்கள். அப்படியொரு செவ்வாய்க்கிழமையில்தான் ஐஹம் என்ற ஐந்து மாதக் குழந்தையின் இரத்தம் நஸீஹாவிடம் வந்தது.

கஸரீன் பக்கத்து மலை ஊரிலிருந்து வந்த குழந்தை. வாயெல்லாம் வெண்புண், இரண்டு முறை நிமோனியா. அவனுக்கு முன் பிறந்த அண்ணன் ஏழு மாதத்தில் இறந்துபோயிருந்தான். குழந்தையின் உடம்பில் எடுக்க இரத்தம் அதிகம் இல்லை. ஒரே ஒரு குழாய்க்குத்தான் அணுக்கள் தேறின.

அன்று லுத்ஃபி விடுப்பு. 'இன்றைக்குப் பார்' என்று நஸீஹா தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒப்பீட்டுக்குத் தன் இரத்தத்தையே எடுத்தாள். சாயம் ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் வைத்திருந்து, தன் குழாயையும் குழந்தையின் குழாயையும் ஒன்றாக எடுத்துப்போய்க் கருவி பக்கத்து ஸ்டாண்டில் நிறுத்தினாள். முதலில் தன்னுடையதை ஓட்டினாள். கோடு எழும்பியது, ஆனால் லுத்ஃபியின் உயரத்துக்கு இல்லை. அதை அழித்தாள். தொட்டியில் மிச்சம் வைத்திருந்த தன் அணுக்களிலிருந்து இன்னொரு குழாய் எடுத்து வந்து ஓட்டினாள். சற்றே உயரம், போதாது. அதையும் அழித்தாள். மூன்றாவது முறை தொட்டியிலிருந்து எடுத்த கையோடு ஓடிவந்து மாட்டினாள். அம்மம்மா! செங்குத்தாக எழும்பி நின்றது கோடு. லுத்ஃபியின் வாழ்நாளில் வராத உயரம்! நஸீஹா அதை அச்செடுத்து, ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு குழந்தையின் குழாயை மாட்டினாள். அறுபது விநாடி. தட்டு மருந்து. கோடு தரையில் படுத்துக் கிடந்தது. உடை மருந்து விட்டதும் எழுந்தது. காது கேளாத அணுக்கள் என்று குறித்து, கையெழுத்திட்டாள்.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு: பெரிய முடிவை இரண்டு கைகள் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை புதிதாகக் கொஞ்சம் இரத்தம் எடுத்து, துறைத் தலைவி பேராசிரியை பஹிஜா அதை லுத்ஃபியிடம் கொடுத்தார். வழக்கம்தான் என்று நஸீஹாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் வயிறு எரிந்தது.

"என் கோட்டைப் பார்த்த பெறகும் சந்தேகமா?" என்று துப்புரவுப் பணியாளர் ஸாஸியாவிடம் புலம்பினாள். ஸாஸியா அவளுக்குச் சம வயதுக்காரி. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கதை பேசுவதில் வல்லவள்.

"விடு அக்கா. எங்க வீட்டுல ஒரு கோழி இருந்துச்சு. அடைக்கு உக்கார வச்சோம். பக்கத்து வீட்டுக் கோழியும் அடையில இருந்துச்சா? இது மணிக்கொரு தரம் எழுந்து, சுவத்து மேல ஏறி, அவ எத்தனை முட்டையில உக்காந்திருக்கான்னு எட்டி எட்டிப் பாக்கும்."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ பன்னெண்டு குஞ்சோட மேய வந்தா. நம்மாளு பன்னெண்டு கூமுட்டையோட உக்காந்திருந்தா. எங்கம்மா அவளைக் குழம்பு வச்சிட்டாங்க."

"என்னைக் கோழிங்கறியா?"

"அய்யய்யோ, நான் கோழியைச் சொன்னேன்!" என்று ஸாஸியா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

லுத்ஃபியின் முடிவு நேர்மாறாக வந்தது. குழந்தையின் கோடு எழும்பியது. அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. ஒப்பீட்டுக்கு அவன் எடுத்திருந்த தன் சொந்த இரத்தத்தின் கோடும் குழந்தையின் கோடும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றாக எழும்பி, ஒன்றாக இறங்கின.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியை இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். மரபணு அறிக்கை வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகும். அதுவரை குழந்தை தாங்காது. காது கேளாத அணுக்கள்தான் என்றால், உடனே எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். குழந்தையின் அக்காளுடைய மஜ்ஜை பொருந்துகிறது. அதற்கு முன் கடும் மருந்து கொடுத்துக் குழந்தையின் சொந்த மஜ்ஜையை முழுதாக அழிக்க வேண்டும். காது கேட்கிற அணுக்கள் என்றால் அந்த மருந்தைக் குழந்தையின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

"நஸீஹா, உன்னோடது படுத்திருக்கு. லுத்ஃபி, உன்னோடது நிக்குது. ரெண்டுல எதை நான் நம்பறது?"

லுத்ஃபி சிரித்தான். "நிக்கறதை நம்புங்க மேடம். படுத்த கோட்டுக்கு நூறு காரணம் இருக்கும். நிக்கற கோட்டுக்கு ஒரே காரணம்தான், அணு நல்லா இருக்கு."

பேச்சு நியாயமானது. நஸீஹாவுக்கும் அது தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குள் எதையோ கிளறிவிட்டது.

"இன்னொரு காரணமும் இருக்கு மேடம்," என்றாள் அவள். "லுத்ஃபி ட்யூப்ல பேர் எழுதறதில்ல. நோயாளிக்கு ஒரு புள்ளி, ஒப்பீட்டுக்கு எடுக்கற கண்ட்ரோலுக்கு ரெண்டு புள்ளி, அவ்வளவுதான். ஸ்பிரிட் பட்டா அழிஞ்சிடும். இந்த ரெண்டு கோட்டையும் பாருங்க. அஞ்சு மாசக் குழந்தைக்கும் நாப்பத்தெட்டு வயசு ஆம்பளைக்கும் ஒரே அச்சுல கோடு வருமா? ரெண்டு ட்யூப்லயும் இவன் தன்னோட ரத்தத்தையே பிரிச்சு விட்டிருந்தா?"

லுத்ஃபி வாயைத் திறந்தான்; மூடினான்.

"லுத்ஃபி, நிச்சயமா சொல்ல முடியுமா?" என்று பேராசிரியை கேட்டார்.

"நான்... புள்ளி வச்சேன் மேடம். சரியாத்தான் வச்சேன்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா?"

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அது வேறு யாருடையதோ என்பதுபோல. அவன் சொல் இன்றித் தலைகுனிந்ததை நஸீஹா அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள்.

பேராசிரியை நஸீஹாவின் ஒப்பீட்டுத் தாளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். "இப்படியொரு கண்ட்ரோலை நான் இந்த ஆய்வகத்துல பார்த்ததே இல்ல. இவ்வளவு சுத்தமா ஓட்டினவ குழந்தையோடதை மட்டும் தப்பா ஓட்டியிருப்பாளா? குழந்தை ரொம்ப இளைச்சிருக்கான், திரும்பத் திரும்பக் குத்த முடியாது. நஸீஹாவோட முடிவையே எடுத்துக்கறேன். அடுத்த திங்கள் மஜ்ஜை மாத்தற பிரிவுக்கு அனுப்பலாம்."

படியிறங்குகையில் நஸீஹாவின் கால்கள் தரையில் பாவவில்லை. பத்தொன்பது ஆண்டுகள்! தெருமுனைக் கடையில் டூனா மீன் அடைத்த பொரித்த ரொட்டி இரண்டு வாங்கி, இரண்டையும் நின்றபடியே தின்றாள்.

அந்த வாரம் முழுவதும் அவளுக்குத் தேனாக இனித்திருக்க வேண்டும். இனித்தது செவ்வாய்க்கிழமை வரைக்குமே. புதன்கிழமை, நடைவழியில் குழந்தையின் தாய் மப்ரூகா எதிர்ப்பட்டு அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நோய் என்னன்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு டாக்டர் சொன்னாங்க. மூத்தவனுக்கு இது தெரியாமலேயே போயிடுச்சு. இவனையாவது அல்லாஹ் உங்க கையால காப்பாத்திக் குடுத்தான்."

உங்க கையால என்ற சொல் நஸீஹாவின் காதில் பாலாகப் பாய்ந்தது. மப்ரூகா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "அந்த மருந்து ரொம்பப் பொல்லாததுன்னு சொல்றாங்க. முடியெல்லாம் கொட்டிடுமாம். அதைத் தாங்காமலே சில பிள்ளைங்க போயிடுமாம். ஆனா வேற வழியில்லன்னா என்ன செய்யறது? நீங்க பார்த்தது சரியாத்தானே அம்மா இருக்கும்?"

"சரியாத்தான் இருக்கும்," என்றாள் நஸீஹா.

வெள்ளிக்கிழமை காலை வேறொரு நோயாளிக்காக லுத்ஃபி கால்சியம் சோதனை செய்துகொண்டிருந்தான். காதோரம் மல்லிகை இல்லை. நான்கு நாளில் முகம் ஒடுங்கியிருந்தது. ஒவ்வொரு குழாயிலும் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி, எழுதியதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நஸீஹா அதைப் பார்த்தாள். இரக்கப்பட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அவள் கண் அவன் கையிலேயே இருந்தது. இன்றைக்காவது கோணலாக வரும் என்று அது காத்திருந்தது.

லுத்ஃபி வெந்நீர்த் தொட்டியிலிருந்து இரண்டு குழாய்களையும் எடுத்தான், துடைத்தான். ஸ்டாண்டில் வைக்கவில்லை. ஒன்றை வலது உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான். மற்றதை வெள்ளை மேலங்கிக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டான். அப்படியே கருவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

நஸீஹா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். "என்ன இது, அடைகாக்கறியா?"

அவன் திரும்பவில்லை. "உனக்கென்ன வந்துச்சு? பேர் எழுதியிருக்கேன், வந்து படிச்சுப் பாத்துக்கோ."

"பேரைக் கேக்கல. ட்யூபை எதுக்கு அக்குள்ல வச்சிருக்க?"

"குளிருதுல்ல, அதுக்குத்தான்." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே பேசினான். "எப்பவும் கையிலதான் வச்சிருப்பேன். ஜூன்ல அந்த ரெண்டாவது ஏ.சி. வந்ததுலேர்ந்து அக்குள்லயும். பத்து நிமிஷம் ஸ்டாண்டுல நின்னாலே அணுவுக்குக் குளிர் புடிச்சிடும். அப்புறம் தட்டினா எங்க எழுந்திரிக்கும்? உடை மருந்து விட்டா மட்டும் எழும். அன்னைக்கு டீ குடிக்கறப்ப எல்லார்கிட்டயும் சொன்னேனே. நான் பேசறப்பத்தான் உனக்கு ஃபோன் வந்துடுமே."

அவன் வெகுளியாகவே சொன்னான். சென்ற வாரச் செவ்வாய்க்கிழமைச் சோதனையில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நஸீஹா கதவைக்கூட மூடாமல் வெளியே வந்தாள்.

தன் மேசைக்குப் போய்க் கணினியில் அன்றைய பதிவைத் திறந்தாள். அழித்த கோடுகள் போய்விட்டிருந்தன. ஆனால் கருவி எந்த நேரத்தில் எந்தக் குழாயை ஓட்டியது என்ற கணக்கு அழிவதில்லை. முதல் ஒப்பீடு பத்து பத்துக்கு. இரண்டாவது பத்து இருபத்து மூன்றுக்கு. மூன்றாவது, அந்த அழகான கோடு, பத்து முப்பத்தாறுக்கு. குழந்தையுடையது பத்து நாற்பத்தெட்டுக்கு. ஓட்டி முடித்து, அச்செடுத்து நின்று ரசித்ததில் பன்னிரண்டு நிமிடமா போனது? ரசித்தது ஒரு நிமிடம் என்றல்லவா நினைத்திருந்தாள். ஆக மொத்தம், குழந்தையின் ஒரே குழாய் ஏ.சி. காற்றுக்கு நேரே முப்பத்தெட்டு நிமிடம் நின்றிருந்தது.

அவள் மனம் உடனே வழக்காடத் தொடங்கியது. குளிர் மட்டுமே காரணம் என்று எப்படித் தெரியும்? ஒருவேளை இரண்டும் உண்மையாக இருக்கலாம்: குழாயும் குளிர்ந்தது, அணுவும் செவிடு. லுத்ஃபி புள்ளியை மாற்றி வைத்தது பொய் என்று யார் கண்டார்கள்? நிரூபித்துவிட்டுப் பேசலாம். நிரூபிக்காமலும் இருக்கலாம். திங்கட்கிழமை குழந்தை வேறு பிரிவுக்குப் போய்விடுவான். மரபணு அறிக்கை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இப்படியெல்லாம் எண்ணிக்கொண்டே அவள் தன் சட்டைக் கையைச் சுருட்டி, ஸாஸியாவைக் கூப்பிட்டு, "இந்தப் பட்டையைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டு" என்றாள்.

"இன்னைக்கு உன் முறை இல்லையே அக்கா?"

"என் முறைதான்."

தன் இரத்தத்தில் இரண்டு குழாய்கள் ஏற்பாடு செய்தாள். லுத்ஃபி காபி குடிக்கப் போன நேரம் பார்த்து, ஒன்றை ஸ்டாண்டில் நிறுத்தினாள். மற்றதைக் கைக்குள் பொத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு நிமிடம் நீண்டது. நடுவே உள்ளங்கை வலித்தது. பத்தொன்பது ஆண்டுகளாக அவன் இதை இப்படியா செய்துவந்தான், யாரிடமும் பெருமை பேசாமல்? பெருமை பேச அதில் ஏதோ இருப்பதாகவே அவனுக்குத் தோன்றியிராது. அந்த எண்ணம்கூட அவளைக் குத்தியது.

கையில் இருந்த குழாயை ஓட்டினாள். குன்று எழும்பியது. ஸ்டாண்டில் நின்றதை ஓட்டினாள். தட்டு மருந்துக்குக் கோடு லேசாகப் புரண்டு படுத்தது. உடை மருந்துக்கு எழுந்தது. அவளுடைய சொந்த அணுக்கள், நாற்பத்தாறு ஆண்டுகளாக ஒரு பெரிய காய்ச்சலும் காணாத அணுக்கள், திரையில் செவிடாகக் கிடந்தன.

மணி பதினொன்று. ஒன்றரைக்கு ஆய்வகம் மூடும். இரண்டு தாள்களையும் நேரக் கணக்கையும் எடுத்துக்கொண்டு பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

பஹிஜா தாள்களைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "குழாய் எதுக்கு முப்பத்தெட்டு நிமிஷம் நின்னுச்சு?"

"கண்ட்ரோலை மூணு தரம் ஓட்டினேன் மேடம்."

"முதல் தரமே சரியா வரலையா?"

"வந்துச்சு."

"பின்ன எதுக்கு?"

நஸீஹா மேசை விளிம்பைப் பார்த்தாள். இதற்கு ஒரு நல்ல பொய் இருந்தது: சாயம் சரியாக ஏறவில்லை, குழாயில் குமிழி விழுந்தது. பதினொரு மணி வரை அவள் அதையே நினைத்து வைத்திருந்தாள். "லுத்ஃபியோட கோட்டைவிட உயரமா வரணும்னு" என்றாள்.

பேராசிரியை மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்தக் கோட்டோட அழகைப் பார்த்துத்தான் நானும் மயங்கினேன்" என்று முணுமுணுத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். "வார்டா? ஐஹமுக்கு இன்னொரு ரெண்டு மில்லி ரத்தம். ஆமா, மறுபடியும். இப்பவே. அவங்கம்மாகிட்ட நானே வந்து பேசறேன்." வைத்துவிட்டு நஸீஹாவை ஏறிட்டுப் பார்த்தார். "நடந்ததைச் சொல்லிக் கடிதம் ஒண்ணு நீ எழுதணும், நான் கையெழுத்துப் போடணும். அது அப்புறம். லுத்ஃபியைக் கூப்பிடு. அவன்கிட்ட நீயே சொல்லு."

நடைவழியிலேயே சொன்னாள். லுத்ஃபி காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். இப்போது சிரிப்பான், ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"நாலு நாளா நான் தூங்கல நஸீஹா. வீட்டுல சோத்தை எடுத்து வாயில வைக்கறப்பக்கூட இந்தக் கையைப் பார்த்தேன். எத்தனை குழந்தைக்கு மாத்திச் சொல்லியிருப்பேனோன்னு பழைய நோட்டையெல்லாம் புரட்டினேன். நீ வேணும்னு பண்ணல, சரி. ஆனா அன்னைக்கு என் மூஞ்சியைப் பார்த்தேல்ல? பார்த்துட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேல்ல?"

"சாப்பிட்டேன்."

"நல்லாருந்துச்சா?"

"நீயே ஓட்டு லுத்ஃபி. உன் கைதான் சரி" என்றாள்.

"மாட்டேன். நான் ஓட்டினா மறுபடியும் புள்ளி, கிள்ளின்னு ஏதாவது சொல்லுவ. நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

இரத்தம் பன்னிரண்டுக்கு வந்தது. அணுக்களைப் பிரித்து, சாயம் ஏற்றி, வெந்நீரில் வைத்து எடுக்க ஒரு மணி ஆகிவிட்டது. இந்த முறையும் ஒரே குழாய்தான். ஒப்பீட்டுக்கு லுத்ஃபி கையை நீட்டினான். அவள் பேசாமல் குத்தி எடுத்தாள். குழாய்களில் பெயர்களை அவள் எழுத, அவன் உரக்கப் படித்தான்.

குழந்தையின் குழாயை நஸீஹா உள்ளங்கைக்குள் பொத்தினாள். வெதுவெதுவென்று இருந்தது. முதலில் எதை ஓட்டுவது என்று லுத்ஃபி கேட்கவேயில்லை. அவளும் யோசிக்கவில்லை, குழந்தையுடையதை மாட்டினாள். அறுபது விநாடி. கோடு அமைதியாக, தரையோடு தரையாக நகர்ந்தது. கழற்றினாள். ஒரு சொட்டு, கலக்கினாள், மாட்டினாள். கோட்டில் இடைவெளி விழுந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பேராசிரியை நின்றார். அவருக்குப் பின்னால், உள்ளே வர அனுமதி இல்லாத மப்ரூகா, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விநாடி, இரண்டு, பத்து. திரையில் புள்ளிகள் கிளம்பின. ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஐந்து மாதக் குழந்தையின் அணுக்கள், தட்டிய சத்தம் கேட்டு, ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. குன்று எழும்பி நின்றது. அவனுடைய நோய்க்கு வேறு காரணத்தைத் தேடியாக வேண்டும். இனி அந்தப் பொல்லாத மருந்து அவன் பக்கம் வராது. பேராசிரியை திரும்பி மப்ரூகாவிடம் ஏதோ சொன்னார். மப்ரூகா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லுத்ஃபி குனிந்து, கோட்டில் இருந்த இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டினான்.

"ஒம்போது செகண்டு," என்றான். "எனக்கு நாலு."

நஸீஹாவின் நெஞ்சில் அந்தப் பழைய முள் அசைந்தது. அசைந்ததை அவள் அறிந்தாள். இந்த முறை அதன் பெயரையும் அறிந்தாள். ஒன்றும் சொல்லாமல் உடை மருந்தை விட்டு, சோதனையை முடித்தாள். பின் அவனுடைய குழாயை ஸ்டாண்டில் வைக்க மனம் வராமல், முறை வரும்வரை அதையும் தன் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள்.